பைலட் ட்ராக்

தேசிங்குவை நான் பார்த்ததில்லை.
வாயைத்தான் பார்த்திருக்கிறேன்,
பதினெட்டு வருடம்,
சாலிகிராமத்தில் ஒரு மாடியறையில்,
முட்டை அட்டை ஒட்டிய சுவர்களுக்கு நடுவே.

நீதிபதி, ரிஜிஸ்ட்ரார், மூளைக் காய்ச்சல் டாக்டர்,
மறுபடியும் நீதிபதி,
கடைசி நான்கு வருடம் கதாநாயகியின் பெரியப்பா.
டைட்டிலில் எப்போதும் ‘மற்றும் பலர்’.
“மூஞ்சி ஹைகோர்ட்டு, பேச்சு கொருக்குப்பேட்டை”
என்று முதல் நாளே டைரக்டர் சொல்லிவிட்டார்.
மூஞ்சியை வைத்துக்கொண்டு
பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் சாத்தூர்க்காரன். என் பேச்சை எப்போதோ
ஒரு நாடகக் கம்பெனி டிரங்குப் பெட்டியில் விட்டுவிட்டு வந்தவன்.

ஹெட்போனில் முதலில் அவர் குரல் வரும்.
அளவெடுத்துக்கொண்டு அதன் மேல் நான் பேசவேண்டும்.
குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி
நிரூபிக்கப்பட்டுக்கீறதால,
என்பார் தீர்ப்பில்.
நான் கீறதாலவை எடுத்துவிட்டு
இருப்பதாலைப் பொருத்துவேன்.
உதடு கொஞ்சம் உதைக்கும்.

ஆக்‌ஷனுக்கு முன்னாலும் கட்டுக்குப் பின்னாலும்
சில விநாடிகள் வெட்டாமல் வரும்.
அதற்குள்தான் அவர் குடித்தனம் நடத்தினார்.

“சார், ஆறு மணிக்குள்ள வுட்டீங்கன்னா புண்ணியமா போவும்.
கூட்ஸ் வந்துச்சுன்னா கேட்டு போட்டுடுவான்.”
இது வந்த புதிதில்.
அடுத்த மழைக்கு, கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டே யாரிடமோ:
“வூட்டுக்குள்ள தண்ணி பூந்துகிச்சுபா.
ஃபேனு மட்டும்தான் தப்பிச்சுது. அது மேல கீதில்ல.”
உடனே ஆயுள் தண்டனை வாசித்தார்.
அவர் குரல் பிசகவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்து மூன்று டேக்.

மகள் ஜெகதாவுக்கு நர்சிங் சீட்டு கிடைத்தது.
கோட்டை வீட்டிலேயே தோய்த்து எடுத்துவந்ததால்
பேட்டாவில் இருபது ரூபாய் ஏறியது.
ஓர் ஆடியில் பல்செட் வந்தது.
சகரம் எல்லாம் விசிலடித்தது,
வாய் ஒரு பக்கம் போனது, வார்த்தை ஒரு பக்கம் போனது.
ஆறு வாரம் நான் பட்ட பாடு
இன்ஜினியருக்குத்தான் தெரியும்.

ஒருமுறை டேக்குக்கு முன்னால் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு,
“குணா போய்ட்டா சார். செவ்வாக்கெயம.
லீவெல்லாம் வாணாம்.
டாக்டரு சீன மொதல்ல எடுத்துடுங்க.”
அந்த சீனில் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து
கண்ணாடியைக் கழற்றவேண்டும்.
எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம்.
ஒரே டேக்கில் பேசினேன். நன்றாக வந்தது.
நன்றாக வந்தது என்பதை
இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் பெரியப்பா சுவரில் இருந்தார்,
பிளாஸ்டிக் மாலையோடு.
இரண்டு எபிசோடுகளுக்கு நடுவே நெஞ்சுவலியாம்.
பட்ஜெட்டா, கால்ஷீட்டா, கேட்டால் சிரிக்கிறார்கள்.
படத்துக்குப் பேச்சு கிடையாது.
அன்று எனக்கும் வேலை இல்லை.

இரண்டு பஸ் மாறிப் போனேன்.
விலாசம் தெரியாது. கேட்டு தெரியும்.

போட்டிருந்தான்.
டேங்கர் டேங்கராக ஒரு சரக்கு வண்டி
முடிவதாகவே இல்லை.
குனிந்து நுழைகிற சைக்கிள்கள்,
அணைக்காமல் உறுமும் ஷேர் ஆட்டோ,
ஒயர்கூடையில் காரப்பொடி மீனோடு
எனக்கு முன்னால் ஒரு கைலி.
“தோ, இன்னும் நாப்பது பொட்டி கீது” என்றது கைலி.
மூச்சை எங்கே விடும் என்று
எனக்குத் தெரிந்த குரல்.

யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.
“டீ சாப்பிடலாமா?” என்றேன்.

ஸ்கூட்டரில் இருந்த பெண் ஹெல்மெட்டோடு திரும்பினாள்.
மீனை மூடிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள்.
“அட, ஜட்ஜய்யா” என்றாள், அவரைப் பார்த்து.
அவர் என்னைப் பார்த்தார்.
கண்ணை அல்ல,
வாயை.

கேட்டு தூக்கி, ஹாரன்கள் எழும்பி,
எங்களைத் தள்ளிக்கொண்டு எல்லோரும் போனபிறகு
கூடையைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார்:
“அந்தப் பல்செட்டு டைம்ல
ஒன்ன ரொம்பப் படுத்திட்டேன் இல்ல?”